வெள்ளிக்கிழமைக் கல்

பாம்பூ, கடற்கரை பங்களா
19 மார்ச் 1967

தம்பி ராமாவுக்கு அக்கா தெய்வானை எழுதிக்கொள்வது. முருகன் தயவில் நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? உறையின் மேல் கோபாலன் என்றுதான் எழுதியிருக்கிறேன், பயப்படாதே. உள்ளே அப்பா வைத்த பேரைச் சொன்னால்தான் எனக்குக் கடிதம் எழுதின மாதிரி இருக்கும். கோயில் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்த தமிழ் நமக்கு இதற்காவது உதவுகிறது. முதலாளி மசியே எட்மோன் ஒரு தடவை உன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது எழுத்தா, கோலமா?” என்று கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒளிந்திருந்த பங்களா இப்போது வேடிக்கை பார்க்கும் இடமாகிவிட்டது. வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். ‘கொள்ளைத் தலைவன் கப்தென் ராமின் மறைவிடம்’. ஞாயிற்றுக்கிழமை போர் லூயியிலிருந்து பஸ் வருகிறது. ரெயூனியனிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் வருகிறார்கள். சுற்றிக் காட்டுவது யார்? நான்தான். காவல்காரன் பெண்டாட்டியாக வந்து, சமையல்காரியாகி, உன் அத்தான் விநாயகம் போன பிறகு இப்போது இந்த உத்தியோகம். கப்தெனை நீ பார்த்திருக்கிறாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்கிறேன். ஐந்து மாதம் உனக்குச் சோறு போட்ட கையாலேயே நீ படுத்திருந்த சுண்ணாம்புச் சூளையைக் காட்டுகிறேன்.

உள்ளே வைத்திருக்கும் கட்டில் உன்னுடையது இல்லை. துப்பாக்கியும் இல்லை, அது எட்மோனின் அப்பா பெரிய மசியே முயல் சுட்டது. தோட்டத்து வெள்ளைக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தாய் என்று ஒரு கதை. கேட்டால் எனக்கே கண்ணீர் வந்துவிடும்.

இன்னொன்று. எடி செத்துப் போனான். போன மாதம், ஆஸ்பத்திரியில். உன் கூட்டத்தில் பிடிபட்டவன் அவன் ஒருவன்தான். உன் முகம் தெரிந்தவனும் இனி இந்தத் தீவில் இல்லை. கப்தென் யார், எந்த ஊர், அக்கா தங்கை உண்டா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் சுதந்திரம் வருமாம். கடல் தாண்டித் தமத்தாவிலிருந்து கோபாலன் என்று ஒருவன் அக்காவைப் பார்க்கக் கப்பலில் வந்தால் யார் தடுப்பார்கள்?

வாடா. முப்பது வருஷமாயிற்று.

நீ சொல்லிவிட்டுப் போனபடி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சாமிக் கல்லுக்குச் சூடம் ஏற்றுகிறேன்.

அக்கா தெய்வானை


தமத்தாவ்
30 ஏப்ரல் 1967

அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம். இருமல் காலையில் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போகிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சும்மா ஊருக்குக் கால் வலிக்கச் சுற்றிக் காட்டாதே.

உன் கடிதத்தை சைக்கிள் கடையில் உட்கார்ந்து படித்து, தனியாகச் சிரித்தேன். ஏழைகளுக்கா கொடுத்தோம்? கிடங்கில் எடுத்த அரிசியை நாங்களே தின்றோம். சார்டின் டப்பாவுக்காக எடியும் நானும் அடித்துக்கொண்டது உனக்குத் தெரியாதா? முப்பத்தேழு கலவரத்தில் கூலி கேட்டுப் போன தோட்டத்து ஆட்களை முதலாளிகள் சுட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது உண்மை. அந்தக் கொதிப்பில் தொடங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் அதையே காரணம் சொல்ல முடியாது.

எடி போனதை எண்ணி மூன்று நாள் வேலை ஓடவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அக்கா, எனக்கு வர வேண்டும். இங்கே சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. நம் பங்களாவில் அது கடலில் இறங்கும். முப்பது வருஷமாகக் காலையில் எழுந்து, நீங்கள் இருக்கும் பக்கம் பார்த்துத்தான் பல் விளக்குகிறேன். பெண்டாட்டி பிள்ளை என்று ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொண்டால் இந்த ஊர்க்காரனாகிவிடுவேன் என்று பயம்.

வந்தால் ஏழு கறி சமைப்பாயா? வாழை இலையில், பலாக்காய்க் கறி கொஞ்சம் கூடவே. இங்கே பலாக்காய் இருக்கிறது, உன் கை இல்லை.

கல்லுக்குச் சூடம் விட்டுப்போகவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். புயல் வருஷத்திலும் ஏற்றினாயா?

தம்பி ராமசந்திரன்


பாம்பூ
11 ஜூன் 1967

ராமா, நல்லா இருக்கிறாயா? நான் நல்லா இருக்கிறேன், உன் கடிதம் வந்ததிலிருந்து முழங்காலைக்கூட மறந்துவிட்டேன்.

புயல் வருஷத்தில் பங்களாக் கூரையே பறந்தது, கல் அசையவில்லை. மறுநாள் ஈரத்தில் பத்துக் குச்சி கிழித்துச் சூடம் ஏற்றினேன். உன் முனீஸ்வரனுக்கு இப்போது பெரிய மவுசு. மீன்பிடிக்கிறவர்கள் சிவப்புத் துணி கட்டுகிறார்கள். ரம் பாட்டில், சிகரெட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் படைக்கிறார்கள். மசியே எட்மோன் அதற்கும் பலகை வைத்துவிட்டார், ‘கப்தென் கும்பிட்ட தெய்வம்’. நீ ஒளிந்திருந்தபோது நானும் அத்தானும் சாந்த் குருவா கோயிலில் காவடி பார்த்துவிட்டு ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, வாதுமை மரத்தடியில் கல் நட்டு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாயே! இதென்னடா என்றால், “சாமி, அக்கா. வெளிச்சம் இல்லாம விட்டுடாத” என்றாய். திருடனுக்குப் பக்தியைப் பார் என்று அத்தான் சிரித்தார்.

பலா மரத்தில் பிஞ்சு விட்டிருக்கிறது. பின்னறையை வெள்ளையடித்தேன். உனக்கென்று சொல்லவில்லை, கறையான் என்று சொன்னேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஞாயிறுதோறும் ஒரு பெண் வருகிறாள். ஆனெத் என்று பேர், வயது முப்பத்தாறு இருக்கும், துணி தைக்கிறாள், என்னை அத்தை முறை வைத்துத் தாந்தீன் என்கிறாள். பஸ் கூட்டம் போன பிறகும் சூளைப் பக்கமே நிற்பாள். போன வாரம் காப்பி கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். நீங்கள் கடைசியாகக் கொள்ளையடித்த கிடங்கின் காவல்காரர் கேத்தானின் மகளாம்.

“ஊர் முழுக்க எங்கப்பாதான் கதவைத் தொறந்துவிட்டு கப்தெனோட படகுல போயிட்டார்னு சொல்லுது, தாந்தீன். எடி போலீசுல அப்படித்தான் சொன்னானாம். எங்கப்பா ஒரு சொட்டு ரம் குடிக்க மாட்டார், அதனாலதான் சாவியவே அவர்கிட்ட கொடுத்தாங்க. அம்மா சாகுற வரைக்கும் திருடன் பொண்டாட்டி. பள்ளிக்கூடத்துல நான் திருடன் மவ” என்றாள்.

அந்தக் கேத்தான் உன்னோடு வந்தாரா? அங்கே இருந்தால் பெற்ற மகளுக்கு ஒரு வரி எழுதச் சொல். எங்கிருந்து என்று எழுத வேண்டாம்.

அக்கா


தமத்தாவ்
2 ஜூலை 1967

அக்கா, சுகமா? நான் சுகம். கப்பல் ஆபீசில் விசாரித்தேன். டிசம்பர் நடுவில் ஒரு கப்பல் இருக்கிறது. சைக்கிள் கடையை செர்ஜ் என்கிறவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். நல்ல மனிதர், சக்கரம் கோணல் எடுக்க மட்டும் தெரியாது, கற்றுக்கொடுக்கிறேன். உனக்கு இங்கிருந்து வனிலா கொண்டுவரட்டுமா, கைவேலைத் துணி கொண்டுவரட்டுமா என்று எழுது.

பின்னறை ஜன்னல் இன்னும் கடல் பக்கம்தானே?

மற்ற விஷயம் நேரில் பேசலாம்.

தம்பி


பாம்பூ
6 ஆகஸ்ட் 1967

ராமா, உடம்பு எப்படி? இங்கே குளிர்காற்று, அதோடு நாளைக்குத் தேர்தல். ஊரில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை, எல்லோரும் கத்துகிறார்கள்.

வனிலாவும் வேண்டாம், துணியும் வேண்டாம். நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ ஜன்னலைப் பற்றி எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் சட்டியை உடைத்துவிட்டு வந்தாலும் இப்படித்தான், “அக்கா, வானம் எவ்வளவு நீலமா இருக்கு பாத்தியா” என்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா?

ஆனெத் இப்போது என்னோடு நன்றாகப் பழகிவிட்டாள். எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். தொடக்கத்தில் அவள் வந்தாலே எனக்குப் பயம், ஏதாவது கண்டுபிடித்துவிடுவாளோ என்று. இப்போது ஒரு ஞாயிறு வராவிட்டால் பஸ் ரோடு வரை போய்ப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு அவள் கையில் மெழுகுவத்தி இருந்தது. “உங்க சாமி கேட்டதைக் கொடுக்கும்னு சொல்றாங்களே, நான் மாதா கோயில்காரி, நான் கேட்கலாமா?” என்றாள். கேளம்மா என்றேன். கல்லுக்கு முன்னால் மண்டியிட்டாள். அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்று வாய்விட்டே கேட்டாள். காற்றில் மெழுகுவத்தி அணைந்து அணைந்து போயிற்று. நான் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றேன். ராமா, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கேத்தான் எங்கே? ஒரு வார்த்தையில் எழுது.

அக்கா


பாம்பூ
24 செப்டம்பர் 1967

ராமா, இரண்டு கப்பல் வந்துவிட்டது. இரண்டிலும் உன் கடிதம் இல்லை. தபால்காரரிடம் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன், கோபித்துக்கொண்டார். இருமல் அதிகமா? படுத்திருக்கிறாயா? கோபமா? கேட்டது தப்பென்றால் தப்பு, இனி கேட்கவில்லை. வெறும் சுகம் என்று எழுதிப் போடு.

பலாக்காய் ஒன்று முற்றிவிட்டது. பறித்து மீனவர் வீட்டுக்குக் கொடுத்தேன்.

அக்கா


தமத்தாவ்
8 அக்டோபர் 1967

அக்கா, உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது கிழிக்காமல் போட வேண்டும்.

கேத்தான் என்னோடு வரவில்லை. நீ முப்பது வருஷமாகச் சூடம் ஏற்றுகிறாயே, அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறார்.

அவர் கதவைத் திறக்கவில்லை. சாவியைக் கேட்டேன், சட்டைக்குள் போட்டுக்கொண்டு கதவை மறித்து நின்றார். பிடித்துத் தள்ளினேன். விழுந்ததில் மாட்டு வண்டியின் இரும்பில் தலை அடித்தது. அங்கேயே விட்டால் பேசிவிடுவார் என்றான் எடி. பிழைத்துவிடுவார் என்று நினைத்து நான் சூளைக்குக் கொண்டுவந்தேன். நீயும் அத்தானும் காவடிக்குப் போயிருந்தீர்கள். டாக்டரைக் கூப்பிடலாமா என்று ஒரு முழுப்பகல் யோசித்தேன். கூப்பிடவில்லை. அவரைத் தள்ளியது ஒரு வேகத்தில். கூப்பிடாமல் இருந்தது யோசித்துச் செய்தது.

இரண்டு நாள் இருந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். மகளுக்கு இந்த வருஷம் மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு, வெள்ளை உடுப்பு தைக்கக் கொடுத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்குமோ தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவுதான் பேசினார். என்னைத் திட்டக்கூட இல்லை.

வாதுமை மரத்தடியில் புதைத்தேன். அவர்கள் ஜெபம் எனக்குத் தெரியாது. அம்மா செத்தபோது செய்தது மட்டும் தெரியும். கல் வைத்து மஞ்சள் பூசினேன். நீ வந்து கேட்டதும் சாமி என்று வாயில் வந்துவிட்டது. பிடிபட்டால் கேத்தான் எங்களோடு வந்துவிட்டார் என்று சொல்லச் சொல்லி எடிக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். தூக்குக் கயிற்றுக்குப் பயந்தேன்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் எழுதி, கப்தென் என்று இல்லாமல் ராமசந்திரன் என்று என் பேரையும், இந்த ஊரையும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனெத்திடம் கொடுத்தால் அவள் அப்பா பேர் சுத்தமாகும். நான் அதற்குப் பிறகு அங்கே வர முடியாது. அடுப்பில் போட்டால் டிசம்பர் கப்பலில் வருவேன். உன்னோடு இருப்பேன், இதைப் பற்றி இருவரும் பேச மாட்டோம்.

நீ எது செய்தாலும் சரி.

ராமசந்திரன்


பாம்பூ
5 நவம்பர் 1967

ராமசந்திரனுக்கு,

முடிவை என் தலையில் கட்டிவிட்டாய். முப்பது வருஷத்துக்கு முன்னால் சூடத்தைக் கட்டினாய், இப்போது இது. ஒரு நாள் முழுக்க உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

உன் தாளை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். தினமும் சோறு வடிக்க அரிசி அள்ளும்போது கையில் படும். நாலு தடவை அடுப்பு வரை கொண்டுபோனேன். பொய் சொல்ல மாட்டேன், எரித்துவிட ஆசையாக இருந்தது. எனக்கு யார் இருக்கிறார்கள்? டிசம்பரில் நீ படியேறி வருவதை நான் கண்ணால் பார்த்தாகிவிட்டது, சட்டை நிறம்கூடத் தெரியும். இரண்டு ஞாயிறு ஆனெத் வந்தாள், தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் இரண்டு அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். ஊரே பூ வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும். ஆனெத் அம்மா கல்லறையில் பூ வைத்துவிட்டு, மிச்சம் ஒரு கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இங்கே வந்தாள். “அப்பாவுக்கும் சேர்த்து வாங்கிடுவேன் தாந்தீன், எங்க வைக்கிறதுன்னுதான் தெரியாது. வருஷா வருஷம் வாடித்தான் போவுது” என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். இங்கே வை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எல்லாம் சொன்னேன். நான் உன் அக்கா என்பதையும் சொன்னேன். உன் தாளைக் கொடுத்தேன். வெள்ளை உடுப்பு விஷயம் அதில் இருக்கிறது, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, யாரோ படைத்த ரம் பாட்டிலை எடுத்துக் கடலில் எறிந்தாள். இன்னொன்றையும் எறிந்தாள். சிகரெட்டுகளைக் காலால் தேய்த்தாள். “எங்கப்பா குடிக்க மாட்டார், குடிக்க மாட்டார்” என்று அழுதாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

பூவைக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் போனாள்.

நீ இனி வர மாட்டாய். உன் மேல் கோபம் இருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது.

தெய்வானை


தமத்தாவ்
17 டிசம்பர் 1967

அக்காவுக்கு, சுகம் கேட்கும் தகுதி எனக்கில்லை, இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

கப்பல் நேற்று மாலை புறப்பட்டது. செர்ஜோடு துறைமுகத்துக்குப் போனேன். எதற்குப் பார்க்கிறீர் என்று கேட்டார், சும்மா என்றேன். கடையை அவருக்குக் கொடுக்கவில்லை.

போலீஸ் இங்கே வந்தால் போவேன். பெட்டி கட்டியபடியே இருக்கிறது, ஊருக்கு வரக் கட்டினேன், அதற்கும் உதவும்.

அவள் உன்னோடு பேசுகிறாளா? உன்னை யாராவது துன்பப்படுத்தினார்களா? மார்ச்சில் சுதந்திர நாளுக்கு ஏழு கறி சமைத்தால் எனக்கென்று இலை போடாதே. வெறும் இலையைப் பார்த்து அழுவாய்.

தம்பி


பாம்பூ, கோயில் தெரு
17 மார்ச் 1968

தம்பி ராமாவுக்கு, அக்கா ஒரு மாதிரி நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய். விலாசம் மாறியிருப்பதைப் பார். பங்களாவை விட்டுவிட்டேன்.

போலீஸ் வந்தது. மூன்று நாள் உட்கார வைத்துக் கேட்டார்கள், கப்தெனைப் பார்த்தேன் என்று முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடப் போகிறாய், போ என்று அனுப்பிவிட்டார்கள். உன்னைப் பற்றி அந்த நாட்டுக்கு எழுதியிருக்கிறார்களாம். மரத்தடியைத் தோண்டினார்கள். சட்டைப் பித்தான்களோடு சாவி இருந்தது. ஆனெத் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரார் முன்னிலையில் பாதர் பூசை வைத்து, பாம்பூ கல்லறையில் பெண்டாட்டி பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ‘கேத்தான், காவல்காரர்’ என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அப்போதும் அவள் என்னோடு பேசவில்லை. மசியே எட்மோன் வாதுமை மரத்துக்குப் புதுப் பலகை வைத்தார், இப்போது இரண்டு பஸ் வருகிறதாம். அன்றைக்குத்தான் சாவிக்கொத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்ததும் கை சூடத்தைத் தேடியது. கல்லறைக்குப் போனேன். இந்துக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்பார்களோ என்று ஓரமாக நின்று ஏற்றினேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆனெத் மெழுகுவத்தியோடு வந்தாள். காற்று வீசியது. அவள் தன் கையால் என் சூடத்தை மறைத்தாள்.

பன்னிரண்டாம் தேதி சுதந்திரம். ரேடியோவில் கொடி ஏற்றுவதைச் சொன்னார்கள், ஜனங்கள் கத்தினதும் கேட்டது. ஜனவரியில் போர் லூயியில் வெட்டும் குத்துமாக இருந்ததால் தெருவில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. நான் காலையிலிருந்து ஏழு கறி சமைத்தேன். நீ வேண்டாமென்று எழுதியும் இரண்டு இலை போட்டேன். என் வீடு, என் இலை. பலாக்காய்க் கறியை உன் இலையில் கூடவே வைத்தேன்.

பரிமாறி முடித்து உட்காரப் போகும்போது ஆனெத் வந்தாள். கூப்பிடாமல் வந்தாள். இரண்டு இலையையும் பார்த்து, “யாருக்கு இது?” என்றாள். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தம்பிக்கு என்றேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“நான் அவரை மன்னிக்கலை தாந்தீன். அதை எழுதிடு. ஆனா சோறு ஆறுது” என்றாள்.

எழுதிவிட்டேன். பலாக்காய்க் கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உன் பங்கு தீர்ந்துவிட்டது, ராமா.

இருமலுக்கு இஞ்சி போட்டுக் குடி.

அக்கா தெய்வானை